முன்னூற்று இருபது

வண்டிக்குப் பாட்டு செட் மாட்டி முடித்து, டேஷ்போர்டு பிளாஸ்டிக்கைத் திரும்ப அழுத்தி, சாவியைத் திருப்பிக் காட்டும் நேரத்தில் முக்கால்வாசிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"ஏனுங்கண்ணா, பாட்டெல்லாம் முன்னூத்தி இருபதுல இருந்தாத்தானுங்க நல்லாருக்கும்?"

320 என்பது எம்பி3 கோப்பின் பிட் ரேட். ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் செலவாகிறது என்கிற கணக்கு. எம்பி3-யில் அதுதான் உச்சம். உச்சம் எது என்று தெரிந்துவிட்டால் அதற்குக் கீழே எதுவும் நம் ஆட்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கேள்விக்கு "ஆமாங்க" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "பாட்டு எங்கிருந்துங்க எடுத்தீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பேச்சு அங்கிருந்துதான் நீளும்.

நாமக்கல் லாரிக்காரர்கள் ஊர். பாடி கட்டுகிற பட்டறை, டிங்கர், பெயின்டர், டயர் கடை என்று வரிசையாகப் போகும் ரோட்டில் என் கடை. லாரி, ட்ரெய்லர், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி, மீதி கார். பாட்டு விற்பது என் தொழில் இல்லை. காசு கொடுத்து வாங்கின சிடியோ கேசட்டோ கொண்டுவந்தால் மாற்றித் தருவேன். பென்டிரைவில் தகராறு என்றால் சரிசெய்து தருவேன். இத்தனை காலம் இதைச் செய்ததில் எனக்கு உறைத்தது இதுதான்: பிட் ரேட் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். பாட்டு எங்கிருந்து வந்தது, செட் எதைப் படிக்கும், ஓடுகிற வண்டிக்குள் எவ்வளவு இரைச்சல் என்று பார்த்த பிறகு நம்பரைப் பற்றிப் பேசலாம்.

சிடி காலத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. ஆடியோ சிடி என்றால் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என்று இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட். நிமிடத்துக்கு ஏறக்குறைய பத்து மெகாபைட். ஒரு தட்டில் 80 நிமிடம், போனால் போகட்டும் என்று பதினேழு பாட்டு. எம்பி3-யை 128-ல் போட்டால் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்கூட வராது. அதே 700 மெகாபைட் தட்டில் நூற்று அறுபது பாட்டு உட்கார்ந்துவிடும். சென்னைக்குப் போய்த் திரும்பும்வரை தட்டை மாற்ற வேண்டாம் என்றால் எந்த டிரைவர் வேண்டாம் என்பார்?

ஜெர்மனியில் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் போன்றவர்கள் வருஷக்கணக்காக மல்லுக்கட்டி உருவாக்கியது இந்த எம்பி3. கோப்புக்கு எம்பி3 என்ற வாலை ஒட்டியது 1995-ல். உரத்த சத்தம் பக்கத்தில் இருக்கிற மெல்லிய சத்தத்தை மறைத்துவிடும். எப்படியும் காதில் விழாததை எதற்குச் சுமக்க வேண்டும், எறிந்துவிடலாம் என்பதுதான் அடிப்படை. அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பாட்டுகளில் ஒன்று சூசன் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் பாடியது. மறைத்துக்கொள்ள வேறு சத்தம் இல்லாததால் வெறும் குரல்தான் அதிகத் தொல்லை கொடுத்ததாம். நம்மூரில் விருத்தம் பாடுகிறவர்கள் குரலை 64-ல் சுருக்கிக் கேட்டால் அந்தத் தொல்லை என்னவென்று தெரியும்.

64-ல் யார் சுருக்கினார்கள் என்றால், பிளாட்பாரத்தில் எம்பி3 தட்டு விற்றவர்கள். நூற்று அறுபது பாட்டு போதாது, 'முன்னூறு பாட்டு' என்று அட்டையில் அடித்தால்தான் பக்கத்துக் கடையை ஜெயிக்கலாம். சிம்பல் சத்தமெல்லாம் தண்ணீருக்கடியில் கொப்பளிக்கிற மாதிரி வரும். அப்போது அதை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. கத்திரி வெயிலில் டேஷ்போர்டில் கிடந்து வளைந்துபோன தட்டுகளுக்கும் தூசி படிந்த லென்சுக்கும் திட்டு வாங்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

பென்டிரைவ் வந்த பிறகு இடப் பஞ்சம் தீர்ந்தது. எட்டு ஜிபி டிரைவில் நாலரை நிமிடப் பாட்டாகக் கணக்குப் போட்டால் 128-ல் ஆயிரத்து எண்ணூறு பாட்டுக்கு மேல் பிடிக்கும், 320-ல் எழுநூற்றுச் சொச்சம். எழுநூறு பாட்டு யாருக்குப் போதாது? எனவே எல்லோரும் 320-க்குத் தாவினார்கள். அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது. கோப்பின் பெயரில் 320 இருக்கும், செட் திரையிலும் 320 என்று காட்டும், உள்ளே இருப்பது வேறு.

யூடியூபில் வரும் ஒலி ஏஏசி வடிவம் என்றால் 128 அளவு, ஓபஸ் வடிவம் என்றால் 160 அளவு. அதை எடுத்து 'எம்பி3 320' என்று மாற்றித் தரும் தளங்கள் நிறைய. கோப்பு இரண்டு, இரண்டரை மடங்கு பெருக்கிறதே தவிர, ஒருமுறை எறிந்ததைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டு வர எந்த மென்பொருளாலும் ஆகாது. போதாததற்கு இரண்டாவது தடவை சுருக்கும்போது இன்னும் கொஞ்சம் எறிகிறது. கடைக் கம்ப்யூட்டரில் ஸ்பெக் என்று ஒரு சின்ன மென்பொருள் வைத்திருக்கிறேன். கோப்பைப் போட்டால் எந்த அதிர்வெண்வரை சத்தம் இருக்கிறது என்று படமாகப் போட்டுவிடும். சிடியிலிருந்து நேராக எடுத்த 320 என்றால் படம் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம்வரை ஏறும். 128-ஐ ஊதிப் பெருக்கிய 320 என்றால் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து அறுத்த மாதிரி நேர்கோடு; அதற்கு மேல் வெறும் கறுப்பு.

படத்தைப் பார்த்ததும் ஆளுக்கு முகம் வாடிவிடும். ஆனால் அந்தக் கோட்டைப் பற்றி அவ்வளவு கவலைப்படத் தேவையில்லை என்பது என் கட்சி. ஐம்பது வயதாகி, இருபது வருஷம் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்த காதுக்கு 16 கிலோஹெர்ட்ஸ் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. பண்பலை வானொலியே 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அதைக் கேட்டு யாரும் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. மேலே வெட்டுப்பட்டது சேதம் இல்லை. கீழே, காது நன்றாகக் கேட்கிற இடத்தில், பிட் போதாமல் நடக்கிற அரைகுறை வேலைதான் சேதம். கோடு அதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே.

அது என்ன சேதம் என்று கேட்டால் நான் கடத்தைப் போட்டுக் காட்டுவேன்.

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் காருக்கு நல்ல செட், கதவுக்கு நாலு ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் வூஃபர் என்று செலவு செய்தார். கச்சேரி ரசிகர். ஃபிளாக் தவிர வேறெதுவும் வண்டிக்குள் ஏறக்கூடாது என்று பிடிவாதம். ஃபிளாக் 2001-ல் வந்தது. எதையும் எறியாமல் மடித்து வைக்கிற வடிவம். சிடி அளவில் பாதியிலிருந்து அறுபது சதவீதம்வரை இடம் பிடிக்கும், விரித்தால் ஒரு பிட் மாறாமல் அப்படியே வரும். தப்பே இல்லை. ஆனால் வண்டியில் வித்தியாசம் தெரியுமா என்று பார்த்துவிடலாமே, சார், என்றேன். அவருடைய சிடியிலிருந்தே ஒரு தனி ஆவர்த்தனத்தை 128, 192, 320, ஃபிளாக் என்று நாலாகப் போட்டு, பெயரை மாற்றி, எது எது என்று சொல்லாமல் கொடுத்தேன்.

கடை வாசலில், இன்ஜின் அணைத்து, கண்ணாடி ஏற்றிக் கேட்டார். மிருதங்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கடம் தொடங்கி வேகமாகச் சொற்கள் விழ ஆரம்பித்ததும் 128-ஐக் கையைக் காட்டிப் பிடித்துவிட்டார். "அடி விழறதுக்கு முந்தியே ஒரு உஸ்னு சத்தம் வருதே." சரியான காது. எம்பி3 பாட்டை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாக, அதாவது நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்குப் பக்கமான துண்டுகளாகப் பிரித்து வேலை செய்கிறது. சுருக்குவதில் வரும் பிழைச்சத்தம் துண்டு முழுக்கப் பரவிவிடும். விரல் மண்ணில் விழுவது துண்டின் கடைசியில் என்றால், அதற்கு முன்னால் இருக்கிற மௌனத்திலும் அந்தப் பிழை கேட்கும். அடிக்குப் பின்னால் வரும் பிழையை அடியே மறைத்துவிடும். முன்னால் வருவதைக் காது அநேகமாக மன்னிப்பதில்லை. இந்த மாதிரி இடங்களுக்கென்று எம்பி3-யில் சின்னத் துண்டு ஏற்பாடும் உண்டு, ஆனால் அதற்குப் பிட் அதிகம் வேண்டும். 128-ல் அது இருப்பில் இருக்காது. ஏஏசி-யின் சின்னத் துண்டு இன்னும் பொடியானது. அதே 128-ல் அதன் கடம் ஒழுங்காகவே இருக்கும்.

192-க்கும் 320-க்கும் ஃபிளாக்குக்கும் அவர் சொன்ன பதில் குத்துமதிப்பு. பிறகு சேலம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டே கேட்டோம். எண்பதில் போகும்போது டயர் இரைச்சலும் ஏசி காற்றும் சேர்ந்ததில் 128-ஐயும் அவரால் பிடிக்க முடியவில்லை. கடைசியில் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் ஃபிளாக், வண்டியில் அதிலிருந்து எடுத்த எம்பி3 என்று சமாதானம் ஆனார். நாளைக்கு வேறு வடிவம் வந்தாலும் மூலம் கையில் இருந்தால் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் எம்பி3 மட்டும் வைத்துக்கொண்டு வண்டியில் ஃபிளாக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். எம்பி3-யை ஃபிளாக்காக மாற்றி வைத்திருப்பவர்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

பழைய பாட்டுக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஐம்பது அறுபதுகளில் வந்த ஜி.ராமநாதன், விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டுகள் மோனோ. இடம் வலம் இரண்டிலும் ஒரே சத்தம். எம்பி3-யில் ஜாயின்ட் ஸ்டீரியோ என்ற முறை இருக்கிறது: இரண்டு தடத்தின் கூட்டலை ஒன்றாகவும் கழித்தலை ஒன்றாகவும் வைக்கும். மோனோவில் கழித்தால் பூஜ்யம். மொத்தப் பிட்டும் ஒரே தடத்துக்குக் கிடைக்கிறது. எனவே சுத்தமான மோனோ பாட்டுக்கு 128 தாராளம். ஒரே நிபந்தனை, மூலம் சுத்தமாக இருக்க வேண்டும். கேசட்டிலிருந்து எடுத்தால் நாடாவின் உஸ் சத்தம் இரண்டு தடத்திலும் வேறு வேறாக இருக்கும். ஒழுங்கில்லாத இரைச்சலைச் சுருக்குவது எம்பி3-க்குக் கஷ்டமான வேலை. பிட்டில் பெரும்பங்கை அந்த உஸ் தின்றுவிடும்.

இவ்வளவும் ஒலித் தரம். ஆனால் லாரி டிரைவர் என்னிடம் தரத்துக்காக வந்ததைவிட வரிசைக்காக வந்ததுதான் அதிகம்.

"பிள்ளையார் பாட்டு மொதல்ல வரமாட்டேங்குதுங்க. காத்தால சாவி போட்டா குத்துப்பாட்டு எடுக்குது."

இது சிரிக்கிற விஷயம் இல்லை. வண்டி எடுக்கும்போது முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் விநாயகர் பாட்டு வர வேண்டும். எலுமிச்சம்பழம் டயரில் நசுங்கி வண்டி நகர வேண்டும். காரில் இந்தப் பிரச்சினை தெரியாது. செட்டுக்கு மஞ்சள் ஒயரில் எப்போதும் பேட்டரி கரண்ட், சிவப்பு ஒயரில் சாவி போட்டால் வரும் கரண்ட்; மஞ்சள் இருக்கும்வரை விட்ட இடம் செட்டுக்கு நினைவிருக்கும். லாரியில் ராத்திரி பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்சைத் திருப்பிவிடுவார்கள். நினைவு போய்விடும். காலையில் செட் முதல் கோப்பிலிருந்து தொடங்கும். அந்த முதல் கோப்பு எது என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டர் காட்டுகிற அகர வரிசை வேறு, பழைய செட் படிக்கிற வரிசை வேறு. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் கோப்புகளின் பட்டியல் எழுதப்பட்ட வரிசையிலேயே கிடக்கும். விலை குறைந்த செட் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே அப்படியே படிக்கும். கோப்புக்கு முன்னால் 001 என்று போட்டாலும் அதற்கு ஒன்றுதான். ஏதாவது பாட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றினால், அழித்த இடம் காலியாக இருப்பதால் புதியது அங்கே போய் உட்காரும். பிள்ளையாரை அழித்து நல்ல தரத்தில் திரும்ப ஏற்றுவதற்குள் ஒரு குத்துப்பாட்டு அந்த இடத்தைப் பிடித்திருந்தால் முடிந்தது கதை. வைத்தியம் எளிது: எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொண்டு, டிரைவை ஃபார்மட் அடித்து, பிள்ளையாரை மட்டும் முதலில் ஏற்றி, பிறகு மற்றவர்களை ஏற்றுவது. எந்தப் பிட் ரேட் மாற்றத்துக்கும் கிடைக்காத நன்றி இதற்குக் கிடைக்கும்.

64 ஜிபி டிரைவ் வாங்கி வருகிறவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம். அது எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய செட் கண்டுகொள்ளாது. விண்டோஸில் வழக்கமான வழியில் ஃபார்மட் அடிக்கப் போனால் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 என்ற தேர்வே காட்டாது. வேறு வழியில்தான் அடிக்க வேண்டும். தமிழில் பெயர் வைத்த கோப்பு கட்டம் கட்டமாகத் தெரிவது, ஆல்பம் படம் பெரிதாக இருந்தால் பாட்டு மாற நேரம் எடுப்பது, இதெல்லாம் உதிரித் தொல்லைகள்.

ஒலிக்கு வருகிறேன். பிட் ரேட்டைவிடக் காதுக்கு உடனே உறைக்கிற ஒன்று இருக்கிறது: பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்குவது. அறுபதுகளின் பாட்டு மெல்ல வரும், டிரைவர் வால்யூமை ஏற்றுவார். அடுத்தது புதுப்பாட்டு, உச்சிவரை அமுக்கி நிரப்பிப் பதிவு செய்தது. பக்கத்தில் தூங்குகிற கிளீனர் எழுந்து உட்கார்வான். எம்பி3கெயின் என்ற மென்பொருள் இதைத் தீர்க்கும். எம்பி3-யின் ஒவ்வொரு துண்டிலும் சத்த அளவுக்கு என்று ஓர் எண் இருக்கிறது. அதை மட்டும் மாற்றும், ஒவ்வொரு படியும் 1.5 டெசிபல். திரும்பச் சுருக்குவதில்லை என்பதால் தரம் கெடாது. அது தானாக வைக்கிற 89 டெசிபல் வீட்டுக்குச் சரி, லாரி கேபினுக்குக் கொஞ்சம் கூட்டுவேன். இதைச் செய்து கொடுத்த பிறகு "320-ஆ மாத்திட்டீங்களா, தெளிவா இருக்குதுங்க" என்று பாராட்டியவர்கள் உண்டு. மறுத்துச் சொல்லிப் பார்த்தாலும் நம்புவதில்லை.

கோப்பின் மேல் விழுகிற பழி பாதிக்கு மேல் கோப்பினுடையது இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'ஊய்' என்று ஏறும் விசில் பாட்டில் இல்லை. லாரிக்கு 24 வோல்ட், செட்டுக்கு 12 வோல்ட். நடுவில் போடும் மலிவான கன்வெர்ட்டரும், கண்ட இடத்தில் முறுக்கிய எர்த் ஒயரும் ஆல்டர்னேட்டர் சத்தத்தை ஸ்பீக்கருக்குக் கொண்டு வருகின்றன. அதேபோல் செட் முகப்பில் '50 வாட் நாலு' என்று இருப்பது ஒரு கணத்துக்கு எட்டும் உச்சம். தொடர்ந்து தருவது அதில் பாதிகூட இருக்காது. வால்யூமை முக்காலுக்கு மேல் திருப்பி, பாஸையும் முழுக்க ஏற்றினால் எந்தப் பாட்டும் கரகரக்கத்தான் செய்யும். ஃபிளாக்கும் கரகரக்கும்.

இப்போது இளம் டிரைவர்களுக்கு பென்டிரைவே பழசு. போனை ப்ளூடூத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே நம்பரின் கதை இன்னும் வேடிக்கை. போனில் நீங்கள் என்ன வைத்திருந்தாலும் ப்ளூடூத் அதை அவிழ்த்து, தன் வழியில் மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். எல்லா செட்டிலும் கட்டாயம் இருக்கிற முறை எஸ்பிசி. நல்ல நிலையில் அதன் உச்சம் 328 கிலோபிட். நம்பர் 320-ஐவிடப் பெரிதுதான், ஆனால் சுருக்குகிற சாமர்த்தியத்தில் எஸ்பிசி எம்பி3-க்குப் பின்னால் நிற்கிறது. ஆப்பில் பாட்டு கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது டேட்டா கணக்கு: 320-ல் ஒரு மணி நேரத்துக்கு 144 மெகாபைட், 96-ல் 43. சிக்னல் விட்டுவிட்டு வரும் காட்டுப் பாதையில் உச்சத் தரம் வைத்தால் பாட்டு நின்று நின்று வரும். வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது உத்தமம். போனிலிருந்து ஒயர் போட முடிகிற செட் என்றால் ஒயரே போடச் சொல்லுவேன்.

சொந்தச் சிடியோடு வருகிறவர்களுக்கு நான் போட்டுத் தருவது லேம் என்கிற மென்பொருளில், வி2 என்ற மாறும் பிட் ரேட். கடம் வரும் இடத்தில் தாராளமாகவும் வெறும் தம்புரா வரும் இடத்தில் சிக்கனமாகவும் செலவு செய்து, சராசரி 190 பக்கம் வந்து நிற்கும். மிகப் பழைய செட்டில் மாறும் பிட் ரேட் போட்டால் ஓடுகிற நேரத்தைத் தப்பாகக் காட்டும்; அவர்களுக்கு நிலையான 192. டபிள்யூஎம்ஏ என்று வேறு வடிவத்தில் ஏற்கெனவே சுருக்கிய கோப்பு யாராவது கொண்டுவந்தால் மூலச் சிடி இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிப்பேன்.

போன மாதம் ரிக் வண்டிக்காரர் ஒருவர் வந்தார். சத்தீஸ்கர் பக்கம் போர் போடப் போகிறார்கள், மழைக்கு முன்னால் திரும்ப மாட்டார்கள். வண்டியில் ஆறு பேர். ஆளுக்கு ஒரு ரசனை, எல்லோருடைய பாட்டும் ஒரே பென்டிரைவில். கோப்புகளைப் பார்த்தேன். பெயரில் எல்லாம் 320. படத்தில் பாதிக்கு மேல் 16-ல் அறுந்த கோடு. அப்படியே விட்டுவிட்டேன். ரிக் கம்ப்ரசர் ஓடுகிற இடத்தில் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, சத்தத்தைச் சமன்படுத்தி, பிள்ளையாரை முதலில் ஏற்றி, அதையே இன்னொரு டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்தேன். டிரைவ் இரண்டும் விரல் நகம் அளவுக் குட்டி டிரைவ். நீளமானதைச் சொருகினால் கேபினில் ஏறி இறங்கும்போது முழங்கால் பட்டு யூஎஸ்பி பாயின்ட் உடைந்துவிடுகிறது. அந்தப் பக்கம் அதை மாற்ற ஆள் தேட வேண்டும்.

"முன்னூத்தி இருபதுதானுங்களே?" என்றார், காசை எண்ணிக்கொண்டே.

"பேர்ல அப்படித்தானுங்க இருக்குது" என்றேன்.